கடலோர வீட்டில் மின்சாரக் காருக்குச் சார்ஜர் பொருத்துதல்

கீழக்கரையிலோ மண்டபத்திலோ ஒருவர் மின்சாரக் கார் வாங்கியதும் முதலில் கேட்பது, வீட்டில் எத்தனை கிலோவாட் சார்ஜர் வைக்கலாம் என்பதைத்தான். இராமநாதபுரம் கரையில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் எர்த், அடுத்துக் கம்பியும் அதன் இணைப்புகளும், அவற்றுக்குப் பிறகே சார்ஜர்ப் பெட்டி. சிக்ரி என்று நாம் அழைக்கும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடற்காற்று உலோகத்தை எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்பதைச் சோதிக்க மண்டபம் முகாமில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. உலோகங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தக் காற்றில்தான் நம் சார்ஜரும் இரவு முழுவதும் ஓடப்போகிறது. ஆகவே மதுரையிலோ கோவையிலோ சரியாக இருக்கும் ஒரு ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் அது நெடுநாள் தாங்காது.

தேவையைக் கணக்கிடுதல்

ஒரு சிறிய மின்சாரக் கார் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.12 முதல் 0.15 யூனிட் வரை எடுத்துக்கொள்ளும். கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் போய்த் திரும்பினால் சுமார் 35 கிலோமீட்டர். அதற்கு ஐந்து யூனிட் போதும். இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் போய்வர 110 கிலோமீட்டர் என்று வைத்தாலும் பதினாறு, பதினேழு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் இணைப்பு சுமார் 3.3 கிலோவாட் தரும். இராமேசுவரம் போய்வந்த நாளின் தேவையை அது ஐந்தாறு மணி நேரத்தில் ஈடுகட்டும். இரவு பத்து மணிக்கு இணைத்தால் விடியுமுன் நிறைந்துவிடும். நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்குள் ஓட்டுபவருக்கு 7.2 கிலோவாட் பெட்டி கட்டாயத் தேவை இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. அதற்குச் செலவாகும் பணத்தில் பாதியை எர்த்துக்கும் தரமான கம்பிக்கும் கொடுத்தால், அந்த வீடு அதிகப் பாதுகாப்பாக இருக்கும்.

வாடகைக்கு ஓட்டுபவர்கள், நாள்தோறும் மதுரை விமான நிலையம் போய் வருபவர்கள், பெரிய மின்கலம் கொண்ட கார் வைத்திருப்பவர்கள் ஆகியோரின் நிலை வேறு. நாற்பது யூனிட்டுக்கு மேற்பட்ட மின்கலத்தை 3.3 கிலோவாட்டில் அடியிலிருந்து நிரப்பப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், அவர்களுக்கு 32 ஆம்பியரில் ஓடும் 7.2 கிலோவாட் பெட்டி பொருந்தும்.

சுவரில் மாட்டும் பெட்டி உண்மையில் சார்ஜர் ஆகாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றி மின்கலத்துக்குள் செலுத்தும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப் பெட்டி ஒரு காவலாளி. எர்த் இருக்கிறதா, கார் சரியாக இணைந்திருக்கிறதா என்று பார்த்து, எத்தனை ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மெல்லிய குறிகம்பி வழியே காருக்குச் சொல்லி, அதன் பிறகே மின்சாரத்தை உள்ளே விடுகிறது. காருக்குள் இருக்கும் கருவி 3.3 கிலோவாட் என்றால், வெளியே 22 கிலோவாட் பெட்டியே வைத்தாலும் 3.3 கிலோவாட்தான் ஏறும். காருக்குள் இருப்பது ஒருமுனைக் கருவியாக இருந்தால், மும்முனைப் பெட்டியிலிருந்தும் அது ஒரே முனையைத்தான் எடுத்துக்கொள்ளும். எனவே பெட்டியின் விலையைக் கேட்பதற்கு முன், காரின் கையேட்டில் உள்சார்ஜரின் திறனைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்வாரியத்தில் செய்ய வேண்டியது

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இணைப்பிலிருந்தே சொந்தக் காருக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்பதை 2022இல் மத்திய மின் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. ஆனால் அனுமதி இருப்பது வேறு, இணைப்பு தாங்குவது வேறு. குளிர்சாதனம், தண்ணீர் மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஓடும் ஒருமுனை இணைப்பில் 7.2 கிலோவாட்டைச் சேர்த்தால் மீட்டருக்கு முன்னுள்ள ஃபியூஸ் கேரியரே முதலில் சூடேறும். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைச் சந்தித்து, இப்போது பதிவாகியுள்ள மின்பளு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, கூடுதல் பளுவுக்கும் தேவையானால் மும்முனை இணைப்புக்கும் விண்ணப்பிப்பதே முறை. 3.3 கிலோவாட் என்றாலும் பதிவான பளுவுக்குள் அது அடங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மின்கட்டணத்தையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 280 யூனிட் கூடும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேல்படிக்கு விலை கூடுவதோடு கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகையும் குறையும். ஆகவே இதுவரை 300 யூனிட் செலவழித்துவந்த வீட்டின் கட்டணம், யூனிட் கூடிய விகிதத்தைவிட வேகமாகக் கூடும். கூரையில் சூரிய மின்தகடு வைக்க எண்ணியிருப்பவர்கள் இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போடுவது நல்லது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. நம் மாவட்டத்தின் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

எர்த்

இங்கேதான் நிதானம் வேண்டும். மின்சாரக் காரின் உடல் முழுவதும் உலோகம். அது ரப்பர்ச் சக்கரத்தின் மேல் நிற்கிறது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒரு குழந்தை அதன் கதவைத் தொடக்கூடும். உள்ளே ஏதேனும் கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரம் மண்ணுக்குள் போக எர்த் கம்பி ஒன்றே பாதுகாப்பான வழி. அதனால்தான் எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான பெட்டிகள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சார்ஜ் ஏற்ற மறுக்கின்றன. அந்த விளக்கைப் பார்த்து, நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பெட்டியை ஏமாற்றுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்த நாளில் காரின் உடல் முழுவதும் மின்சாரம் பாயும்படி செய்வதற்கு அதுவே வழி. யார் சொன்னாலும் அதைச் செய்ய விடாதீர்கள்.

நம் கரையில் எர்த்துக்கு எதிரெதிரான இரண்டு தொல்லைகள் உண்டு. தேரி போன்ற மேட்டு மணலில் பங்குனி, சித்திரை மாதங்களில் மேல்மண் முழுவதும் காய்ந்து, மழைக்காலத்தில் நன்றாக இருந்த எர்த் கோடையில் செத்துப்போகிறது. நிலத்தடி நீர் ஓரிரு ஆள் ஆழத்திலேயே உப்பாக நிற்கும் தங்கச்சிமடம், வேதாளை போன்ற இடங்களிலோ எர்த்தின் தடை அளவு மிகக் குறைவாக, அருமையாக இருக்கும்; ஆனால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அதே உப்பு நீர் சில ஆண்டுகளில் தின்றுவிடும். மேலே தெரியும் முனை புதிதுபோல் இருக்க, கீழே குழாயே இல்லாமல் போயிருப்பதை நான் தோண்டிப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே காருக்கென்று தனியாக ஒரு எர்த் போடுங்கள். தாமிரம் பூசிய எஃகுத் தண்டு, மூன்று மீட்டர் நீளத்தில், சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி இறங்க வேண்டும். குழியைச் சுற்றிப் பென்டனைட் களிமண் கலவையை நிரப்பினால், அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கோடையிலும் அளவு ஏறாமல் காக்கும். உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போடுவது பழைய முறை. உள்நாட்டுச் செம்மண்ணில் அதற்குப் பொருள் இருந்தது. ஏற்கெனவே உப்பேறிய மண்ணில் மேலும் உப்பைக் கொட்டினால் குழாயின் ஆயுள்தான் குறையும். ஒரு தண்டு போதாவிட்டால், குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இரண்டாவது தண்டை இறக்கி இரண்டையும் இணைக்கலாம். காருக்கான எர்த்தும் வீட்டின் பழைய எர்த்தும் வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்தளிக்கும் டிபி பெட்டியின் எர்த் பட்டையில் ஒன்றுசேர வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்குள் இரண்டு எர்த்துகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு வரும். இறுதியில் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். மழைக்காலத்தில் அளந்தது கணக்கில் சேராது. சித்திரையில் மறுபடியும் அளக்க வேண்டும்.

கம்பியும் இணைப்புகளும்

உப்புக் காற்று செய்யும் தீங்கைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். பிளக்கின் பித்தளைப் பின்னில் பச்சை படிந்து, அந்த இடத்தில் 0.1 ஓம் தடை உண்டாகிறது என்று கொள்வோம். அதன் வழியே 16 ஆம்பியர் பாய்ந்தால் 25.6 வாட் வெப்பம் அந்த ஒரே புள்ளியில் பிறக்கும். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றின் வெப்பம் அது. 32 ஆம்பியர் என்றால் அதே இடத்தில் 102 வாட். மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் சில நிமிடங்கள் ஓடி நின்றுவிடுவதால் இது வெளியே தெரிவதில்லை. கார் எட்டு மணி நேரம் நிற்காமல் இழுக்கும்போது சாக்கெட் உருகிக் கருகுகிறது. என் வீட்டு முதல் ஏற்பாட்டிலும் இதுவே நடந்தது. பழைய 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே இணைத்திருந்தேன். எட்டாவது மாதம் ஒரு விடியற்காலையில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்து எழுந்தேன். சுவரில் ஓர் உள்ளங்கை அளவு கறுத்திருந்தது. அன்றிலிருந்து, சாக்கெட்டில் இணைக்க விரும்புபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: தொழிற்சாலைகளில் பயன்படும் நீலநிற உருண்டைச் சாக்கெட்டை, மூடியுள்ள வகையாக வாங்கிப் பொருத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியை இதற்கு எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள்.

டிபி பெட்டியிலிருந்து காருக்கு வரும் கம்பி தனி வழியாக, நடுவில் வேறெதற்கும் கிளை பிரியாமல், ஒட்டு இல்லாமல் ஒரே நீளமாக வர வேண்டும். 16 ஆம்பியருக்கு 4 சதுர மில்லிமீட்டர், 32 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி என்பது தொடக்க அளவு. 6 சதுர மில்லிமீட்டரில் இருபது மீட்டர் தூரத்துக்கு 32 ஆம்பியர் போனால் ஏறத்தாழ 4 வோல்ட் குறையும். நாற்பது மீட்டர் என்றால் 8 வோல்ட். நம் கிராமங்களில் மின்மாற்றியிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் வீடுகளுக்கு இரவு ஏழு மணிக்கு ஏற்கெனவே 200 வோல்ட்டுக்குக் கீழ்தான் வந்து சேர்கிறது. அந்த நிலையில் இன்னொரு 8 வோல்ட் போவது பொறுக்கத்தக்கதன்று. இருபத்தைந்து மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால் 10 சதுர மில்லிமீட்டருக்குப் போய்விடுங்கள். கடலுக்கு மிக அருகே இருப்பவர்கள் வெள்ளீயம் பூசிய தாமிரக் கம்பி கிடைத்தால் அதையே வாங்கலாம். அது கிடைக்காவிட்டாலும், முனைகளில் வெள்ளீயம் பூசிய லக் என்ற உலோகக் காதை வைத்து நன்றாக நசுக்கிப் பிடித்து, திருகிய பிறகு மேலே மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் காற்றும் உப்பும் உள்ளே போகா. கம்பியின் நரம்புகளை முறுக்கி அப்படியே திருகுக்கு அடியில் செருகுவதை அனுமதிக்க வேண்டாம்.

பாதுகாப்புக் கருவிகளில், அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் எம்சிபியை 32 ஆம்பியர் பெட்டிக்கு 40 ஆம்பியர், 16 ஆம்பியர் இணைப்புக்கு 20 ஆம்பியர் என்று வைக்கலாம். அதைவிட முக்கியமானது, மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் ‘ஏசி’ வகை ஆர்சிசிபி காருக்குப் பொருந்தாது. காரின் உள்சார்ஜரிலிருந்து நேர்திசைக் கசிவு வந்தால் அந்த வகை கண்ணிழந்ததுபோல் ஆகி, உண்மையான ஆபத்திலும் துண்டிக்காமல் நின்றுவிடும். வாங்கும் பெட்டிக்குள் 6 மில்லிஆம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டறியும் வசதி இருந்தால் ‘ஏ’ வகை போதும்; இல்லாவிட்டால் விலை கூடுதலானாலும் ‘பி’ வகையே வேண்டும். ஐப்பசி இடி மின்னலுக்காக மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றும், நியூட்ரல் அறுந்து 300 வோல்ட்டுக்கு மேல் ஏறும் இரவுகளுக்காக அதிக, குறைந்த மின்னழுத்தத்தில் தானே துண்டிக்கும் ரிலே ஒன்றும் சேர்த்துவிடுங்கள்.

மும்முனை வீடுகளில் ஒரு முனை போனால் அடுத்த முனைக்கு மாற்றும் சுழல் சுவிட்ச் இருக்கும். கார் இணைப்பை அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் கொடுக்கக் கூடாது. ஊரே ஒரு முனையை இழந்து மற்ற இரண்டில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் காரின் பளுவும் அங்கே மாறினால், சுவிட்சும் தாங்காது, அந்த முனையும் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டர் வழியில் காரை இணைக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

இடமும் பெட்டியும்

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் மன்னார் வளைகுடா தெற்கே இருக்கிறது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் உப்பு அந்தப் பக்கமிருந்து வருகிறது. தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி பக்கம் பாக் விரிகுடா கிழக்கே இருக்கிறது. வாடை வீசும்போது அங்கே உப்பேறும். பாம்பன் தீவில் இருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து உப்புக் காற்று உண்டு. ஆகவே கடலைப் பார்த்த சுவரைத் தவிர்த்து, வீடே மறைப்பாக நிற்கும் சுவரில் பெட்டியை வையுங்கள். அது மேற்குச் சுவராக அமைந்துவிட்டால் பிற்பகல் வெயில் நேராக விழும். சூடேறினால் பெட்டி தன் ஆம்பியரைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், மேலே ஒரு சிறு சன்சேடு தேவைப்படும். தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரம் பொதுவானது. மழைத்தண்ணீர் தேங்கும் தெருக்களில் அந்த உயரத்தைத் தண்ணீர் ஏறிய அடையாளத்திலிருந்து கணக்கிடுங்கள்.

பனையோலைக் கொட்டகைக்குள் கார் நிறுத்துபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நிழலுக்கு அதைப்போல் குளிர்ச்சி வேறில்லை. ஆனால் சார்ஜ் ஏற்றும் இடத்துக்கு மேலே காய்ந்த ஓலை இருக்கக் கூடாது. தகடோ கான்கிரீட்டோ போட முடியாவிட்டால், சார்ஜ் ஏறும் நேரத்தில் மட்டுமாவது காரை வெளியே நிறுத்துங்கள்.

பெட்டியின் மேல் ஐபி 65 என்று எழுதியிருப்பதைக் காட்டி, கடலோரத்துக்கும் இதுவே போதும் என்று விற்பவர் சொல்லக்கூடும். அந்த எண் தூசியும் தண்ணீரும் புகாது என்பதைச் சொல்கிறதே தவிர, உப்பு அரிக்காது என்று சொல்வதில்லை. உப்புமூட்டச் சோதனை செய்யப்பட்டதா, உள்ளே இருக்கும் மின்பலகைக்கு மேற்பூச்சு உண்டா, வெளித்திருகுகள் துருப்பிடிக்காத 316 தர எஃகா என்று கேளுங்கள். உலோகப் பெட்டியைவிடத் தடித்த பிளாஸ்டிக் பெட்டி இங்கே நீடிக்கும். ஆம்பியரைக் குறைத்து வைத்துக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். மின்னழுத்தம் தொய்யும் ஊர்களில் 32க்குப் பதில் 20 ஆம்பியரில் ஓட்டுவதே நிம்மதி தரும். கைப்பேசிச் செயலி, வைஃபை முதலியவை வசதிக்கானவை. அவற்றுக்காக விலை கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

பொருத்தும் நாளும் அதன் பிறகும்

அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரையே அழையுங்கள். வேலை முடிந்ததும் அவர் உங்கள் முன்னால் மூன்று அளவுகளை எடுத்துக் காட்ட வேண்டும்: மெகர் வைத்துக் கம்பியின் காப்புத் தடை குறைந்தது ஒரு மெகாஓம் இருப்பது, எர்த் 5 ஓமுக்குள் இருப்பது, கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்தம் ஓரிரு வோல்ட்டுக்குள் நிற்பது. மூன்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி டிபி கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தால், அடுத்த ஆண்டு அளப்பவருக்கு ஒப்பிட ஏதாவது இருக்கும். முதல் நாள் அரைமணி நேரம் சார்ஜ் ஏறிய பிறகு பிளக், எம்சிபியின் முகப்பு, பெட்டிக்குள் கம்பி நுழையும் இடம் ஆகியவற்றைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி, இணைப்பை மீண்டும் திருகச் சொல்லுங்கள். கம்பி நுழையும் துளைகளில், கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் கிளாண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். பல்லியும் எறும்பும் உள்ளே போய்ப் பலகையைப் பாழாக்குவது இங்கே வாடிக்கை.

ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்து எல்லாத் திருகுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். புதிய தாமிரம் சூடேறி ஆறும்போது சற்றுத் தளரும். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், ஏனென்றால் உப்பு படிந்த கருவி அசையாமலே இருந்தால் ஒட்டிக்கொள்ளும். காரில் செருகும் சார்ஜ் துப்பாக்கியை நனைந்த துணியால் துடைக்க வேண்டாம். உலர்ந்த தூரிகையால் பின்களைச் சுத்தம் செய்து, பயன்படுத்தாதபோது மூடியிட்டு, தரையில் படாமல் கொக்கியில் மாட்டிவையுங்கள்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்தால், மின்சாரம் இருக்கும்போதே காரை முழுவதும் நிரப்பிவிட்டு, துப்பாக்கியைக் கழற்றி உள்ளே வைத்து, காருக்கான எம்சிபியை இறக்கிவிடுங்கள். புயலுக்குப் பின் மின்சாரம் திரும்பி வரும் முதல் சில மணி நேரங்களில் மின்னழுத்தம் நிலையாக இருப்பதில்லை. அது அடங்கும்வரை இணைக்க வேண்டாம். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்து, வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் போகும் கீழக்கரை, தொண்டிக் குடும்பங்கள் புறப்படும் நாளில் காரின் மின்கலத்தைப் பாதியளவில் நிறுத்தி, எம்சிபியை இறக்கி, பெட்டிக்கு ஓர் உறை போட்டுவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் துப்பாக்கியை எடுப்பதற்கு முன் எர்த் இணைப்பின் திருகைப் பார்க்க வேண்டும். அதில் பச்சையோ வெள்ளைப் பொடியோ படிந்திருந்தால், அதைச் சுரண்டி இறுக்கி எர்த்தை மீண்டும் அளந்த பிறகே காரை இணைக்க வேண்டும்.